சரி சொன்ன இரண்டு விரல்கள்

மச்சான்,

இதனால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில், திருகோணமலையின் தலைசிறந்த கண்ணிவெடி அகற்றுநராகிய என்னுடைய கவச ஜாக்கெட்டின் இடது பட்டி இன்று காலை சரியாக ஏழு மணிக்கு அறுந்துவிட்டது. பொதுமக்கள் அமைதி காக்கவும்.

பதிலுக்குக் களஞ்சியத்தில் தந்தது உன்னுடையது. டெங்கு உன்னைக் கொண்டுபோய் மூன்று மாதமாகியும் பட்டிகள் உன் அளவிலேயே நின்றன. போட்டுப் பார்த்தேன், உள்ளே இன்னொரு ஆளுக்கு இடமிருந்தது. செத்த பிறகும் என்னை நோஞ்சானாகக் காட்ட உன்னால்தான் ஏலும்.

நிலாவெளிக்கு அப்பால் பயிற்சிக் கொட்டிலுக்கு இருவரும் ஒரே நாளில்தான் வந்தோம். நீ இலங்கைத்துறையில் கரைவலை இழுத்து நெஞ்சை வளர்த்தவன். நான் ஓர்ஸ் ஹில்லில் வாயை வளர்த்தவன். ஜாக்கெட் உறைக்குள் நெஞ்சுத் தகட்டைச் செருகி, பள்ளிக்கூடப் பை மாதிரி வயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு நான் நின்றேன்.

பயிற்றுநர் அக்கா பார்த்தா. "தம்பி, சோத்துப் பையை ஏன் மூடுறீர்? நெஞ்சை மூடும். மேல் விளிம்பு கழுத்துக் குழிக்குக் கீழ நிக்கவேணும். குழிஞ்ச பக்கம் உடம்புக்கு."

உனக்கு முதல் தரமே அப்படியே பொருந்தியது. கடைப் பொம்மையைத் திருப்புவதுபோல் உன்னைத் திருப்பித் திருப்பி எல்லோருக்கும் காட்டினா. நீ கவசம் போட்டாய். நான் கைதட்டி வேஷம் போட்டேன். அன்று பின்னேரம் குசினித் தட்டத்தைப் பெனியனுக்குள் செருகிக்கொண்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பழகினேன். "அந்தத் தட்டம் உனக்கு என்னடா செய்தது?" என்று அம்மா கேட்டா. தட்டம் ஒன்றும் செய்யவில்லை, செய்தது நீதான் மச்சான்.

சோதனை நாளில் களத்துக்குப் போக ஒரே ஒரு இடம். மற்றவர்கள் அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டும். தன் ஜாக்கெட்டுக்குத் தானே சரி சொல்லக்கூடாது என்பது எங்கள் வழக்கம்; சோடிதான் பட்டிக்குள் இரண்டு விரல் விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். உன் சோடி நான்.

"டேய், இண்டைக்கு நெஞ்சில இடிக்குது," என்றாய்.

"சோறு கூடிப்போச்சு," என்றேன். இரண்டு விரல் விட்டேன். "சரி!" என்று கொட்டில் முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

உன் முறை வந்தபோது அக்கா உன் உறைக்குள் கையை விட்டா, முகம் மாறியது. தகடு மாறி இருந்தது, குழிந்த பக்கம் வெளியே. "ஆர் இதுக்குச் சரி சொன்னது?"

நான் வாய் திறக்குமுன் நீ சொன்னாய்: "அவன் சரியாத்தான் பார்த்தவன் அக்கா. பிறகு நான்தான் கழட்டித் துடைச்சனான். மாறி வைச்சிட்டன்."

அந்த இடம் எனக்குக் கிடைத்தது. எங்கள் அணியில் முதலில் தேறியவன் நான் என்று புதிதாக வருகிற ஒவ்வொருவனுக்கும் சொல்கிறேன். உன் செத்தவீட்டில்கூட யாரிடமோ சொன்னேன்.

சொல்லாதது இதுதான். தேநீர் இடைவேளையில், மர வாங்கில் கிடந்த உன் ஜாக்கெட்டிலிருந்து தகட்டை உருவித் திருப்பி வைத்தவன் நான். நீ கழற்றவும் இல்லை, துடைக்கவும் இல்லை. பகிடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பகிடி என்றால் சிரிப்பு வந்திருக்க வேண்டுமே.

திரும்பும்போது பஸ்ஸில் யன்னல் பக்கம் பார்த்தபடி நீ ஒன்றே ஒன்று சொன்னாய்: "உன்ர ரெண்டு விரலும் நடுங்கினது மச்சான்." அதற்குப் பிறகு அந்தக் கதையே எடுக்கவில்லை. அடுத்த மாதம் தேறிவந்து மறுபடியும் என்னையே சோடியாகக் கேட்டாய்.

இப்போதும் பொறாமைதான். உன் நெஞ்சளவில் அல்ல. இன்னொருத்தனுக்காக அப்படி ஒரு பொய்யை முகம் மாறாமல் சொன்னாயே, அதில். எனக்கு உண்மையே வரமாட்டேன் என்கிறது. இன்று மத்தியானம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று அக்காவிடம் போனேன்.

"என்ன தம்பி?" என்றா.

தண்ணீர்ப் போத்தல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.