குதிரையைப் பிடித்துக்கொண்டிருந்த வாரம்

என் மகளுக்கு,

உனக்குப் பெண் பிறந்ததை அத்தை ஐந்து நாள் முன்பே சொன்னாள். அன்றுதான் நம் குட்டைக் குதிரையும் குட்டி போட்டது. மடியை அண்டவிடாமல் தாய் உதைத்தது. அது என் இடுப்புயரம்தான் என்பதால், மணிக்கொருமுறை மண்டியிட்டுத் தாயைப் பிடித்துக்கொண்டு குட்டிக்குப் பாலூட்டினேன். முட்டி இரண்டும் வீங்கிவிட்டன.

மாட்டு டாக்டர் சிரித்தார். "ஏன் சார், பேத்தியப் பாக்கப் போகாம இதுக்கு ஆயா வேல பாக்குறீங்க?"

"நான் போனா இது செத்துடும் டாக்டர்."

இன்று காலை, நான் தொடாமலேயே தாய் நின்றுகொடுத்தது. குட்டி வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூங்குகிறது.

உன் கல்யாணத்துக்கும் ஏதோ வேலை என்று சொல்லி வராமல் இருந்துவிட்டேன். இப்போது சொல்ல வேலை எதுவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாப்பிள்ளை கதவைத் திறப்பாரா? கேட்டு எழுது.

அப்பா