இல்லாத தம்பியின் பை

4.8.96, ஞாயிறு

ஆடித் தள்ளுபடியில் மலையேறப் பெரிய பை வாங்க, அம்மாவோடு தி. நகர் போனேன். தோளில் மாட்டி இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தது நான். கடைக்காரரோ அம்மாவிடம், "பையனுக்கா மா?" என்றார்.

அம்மா கூசாமல், "ஆமா, இவ தம்பிக்கு" என்றாள். எனக்குத் தம்பியே கிடையாது.

"புடிக்கலைன்னா மாத்திக்கலாம்மா. கறை மட்டும் படக் கூடாது."

என் சம்பளத்தில் வாங்கி, பனகல் பார்க் வரை முதுகிலேயே மாட்டிக்கொண்டு நடந்தேன். பஸ்ஸில் அம்மா மெதுவாக, "நாளைக்கு இதைக் குடுத்துட்டு சூட்கேஸா வாங்கிண்டு வந்துடலாம். கல்யாணத்துக்கு ஆகும்" என்றாள். மாப்பிள்ளையே இன்னும் அமையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மார்க்கரை எடுத்தேன். பையின் மூடி முழுக்க என் பெயரை எழுதினேன், இனிஷியலோடு. இனி எந்தக் கடை மாற்றித் தருகிறது என்று பார்க்கிறேன்.