மாடுகளையும் இறக்குங்கள்

ஹல்மஹேரா தீவு, எரிமலைக் கண்காணிப்பு நிலையம், நவம்பர் 9, காலை ஆறு மணி. நேற்று மட்டும் இந்த எரிமலையில் 212 அதிர்வுகள்.

அப்பாவுக்கு மகன் யுவோனோ எழுதுவது, தங்கையின் போன் வழியாக. மூட்டுவலி எப்படி? நான் நலம், கூரையில்தான் கொஞ்சம் சாம்பல்.

நேற்று மலையடி ஊரைக் காலி செய்ய லாரி கொண்டுபோனேன். பன்றிக்குத் தீனி வைத்தபடி அந்த ஊர்ப் பெர்த்தா அக்கா கேட்டாள்: “ஏன் தம்பி, உங்க ஊரு மெராப்பி எரிமலையும் பொங்குதாமே, உங்கப்பா இறங்கிட்டாரா?”

“முகாம்லதான் தூங்குறாரு. பகல்ல மாட்டுக்குப் புல் போட மேல போவாரு.”

“அப்ப நானும் தூங்க மட்டும் வர்றேன்.”

ஊரே சிரித்தது. லாரி காலியாகத் திரும்பியது.

கொதிக்கும் சாம்பல் மேகம் பகல் இரவு பார்க்காது. மாடுகளைக் கீழே ஓட்டி வாருங்கள். அம்மாவிடம் தெம்பே சோயா வறுவல் அனுப்பச் சொல்லுங்கள். தனியாகச் சாப்பிடச் சோறு இறங்கவில்லை.

இனி நான் செய்வது:

1. மாலை நான்கு மணிக்குப் பெர்த்தா அக்கா வீட்டிலிருந்து போன் செய்வேன்.
2. எங்கே இருக்கிறீர்கள் என்று அவள் காதுபடக் கேட்பேன்.
3. முகாமில், மாடுகளோடு என்று நீங்கள் சொல்லும்வரை லாரியை அவள் வாசலிலேயே நிறுத்தியிருப்பேன்.