தூங்கிப்போன படகோட்டி

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் அதே வழக்கு. வகுப்பில் முப்பத்திரண்டு பேர். முப்பத்தொரு பேர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்களாம். மிச்சமிருக்கும் ஒருத்தி என் மகள். "அப்ப முப்பத்தொரு பேரோட அப்பாவும் தப்பா?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்டாள். எட்டரை வயது. இவளுக்கு வக்கீல் என்று பட்டம் கொடுத்தவன் நான்தான், அனுபவிக்கிறேன்.

படத்தைப் போன வாரமே தனியாகப் போய்ப் பார்த்தேன். நிழல்தின்னி என்று ஒரு பிராணி. மனிதர்களின் நிழலைக் காலடியிலிருந்து உரித்துத் தின்னும். நிழல் போனவன் அன்றே செத்துப்போவான். அது திரையில் வந்தபோது பக்கத்து இருக்கையில் ஒரு பொடியன் பாப்கார்ன் மென்றுகொண்டே சிரித்தான். நான் காலைத் தூக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டேன். இவளை எப்படிக் கூட்டிப்போவது?

நூலகத்தில் குழந்தைகள் பிரிவு என் பொறுப்பு. எட்டு வயதுக்குள் பச்சைப் புள்ளி, பதினொன்றுக்குள் மஞ்சள், அதற்குமேல் சிவப்பு. பதினாலு வருஷமாகப் புள்ளி ஒட்டுகிறேன். இது என் பிள்ளைக்குத் தாங்குமா என்று கேட்டு வருகிறவர்களிடம், "தாங்கலைன்னா அவங்களே புத்தகத்தை மூடிடுவாங்க, நீங்க கவலைப்படாதீங்க" என்று சர்வசாதாரணமாகச் சொல்வேன். வீட்டுக்கு வந்ததும் அந்த ஆள் எங்கே போய் ஒளிந்துகொள்கிறான் என்று தெரியவில்லை.

ஜூன் 5, வியாழன்

சமாதானம் ஆயிற்று. படம் கிடையாது. அதற்குப் பதிலாக, படம் எந்தப் புத்தகத்திலிருந்து வந்ததோ அதைத் தினமும் சாயங்காலம் நான் வாசித்துக் காட்டுவேன். சிவப்புப் புள்ளி போட்ட புத்தகம்தான். மனைவி கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள், எனக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரியும். "படம் வேணாம், புத்தகம் மட்டும் பரவாயில்லையா?" என்றாள்.

"வாசிக்கிறது நான்தானே."

"ஓ, அப்படியா சேதி" என்றாள்.

ஜூன் 9, திங்கள்

ஐந்தாம் அத்தியாயம். கதையில் வரும் பெண் ஏரியைக் கடக்கிறாள். பாதி வழியில் நிழல்தின்னி படகோட்டியின் நிழலைத் தண்ணீருக்குள் இழுத்துவிடுகிறது. 'துடுப்பைப் பிடித்தபடியே படகோட்டி செத்துப்போனான்' என்று அச்சில் இருந்தது. நான், "துடுப்பைப் பிடித்தபடியே படகோட்டி தூங்கிப்போனான்" என்று வாசித்தேன். ஒரு விநாடிகூடத் தடுமாறவில்லை.

"எப்ப எழுந்திருப்பான்?" என்றாள்.

"ரொம்ப நேரம் தூங்குவான். அசதி."

தலையாட்டினாள். பூசி மெழுகுவதில் எனக்கு இவ்வளவு திறமை இருக்கும் என்று நானே நினைக்கவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஜூன் 11, புதன்

மனைவிக்கு மறுபடியும் வயிற்று வலி. ஸ்கேன் எடுத்தாயிற்று, பித்தப்பையில் கல். வரும் 24ஆம் தேதி ஆபரேஷன். சின்ன ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். சின்ன ஆபரேஷன் என்பது அடுத்தவன் மனைவிக்கு நடப்பது. அவள் என்னவோ பல் தேய்க்கப் போகிறவள் மாதிரி இருக்கிறாள். எனக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வக்கீலிடம் யார் சொல்வது? எப்படிச் சொல்வது?

ஜூன் 13, வெள்ளி

ஒன்பதாம் அத்தியாயத்தில் கதைப்பெண்ணின் அக்காவும் தூங்கிப்போனாள். இதுவரை நான்கு பேரைத் தூங்க வைத்திருக்கிறேன்.

ஜூன் 14, சனி

சொல்லிவிட்டேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, பெரிய விஷயமாகத் தெரியக்கூடாது என்று போகிறபோக்கில் சொன்னேன். "அம்மா வயித்துல ஒரு குட்டிக் கல் இருக்காம். டாக்டர் அம்மாவைத் தூங்க வெச்சு அதை எடுத்துடுவார். அவ்வளவுதான்."

வக்கீல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். நல்லபடியாக முடிந்தது.

ஜூன் 15, ஞாயிறு

வலி மாத்திரை போட்டால் மனைவிக்குக் கண் செருகுகிறது. மத்தியானம் சோபாவில் சாய்ந்தாள். பத்து நிமிஷம் ஆகியிருக்காது, இவள் போய் உலுக்கினாள். "அம்மா, என் ரப்பர் எங்க?" மனைவி மறுபடியும் கண்ணயர்ந்தாள். "அம்மா, எழுந்திரு, தண்ணி வேணுமா?" மூன்றாவது முறை காரணம்கூடச் சொல்லவில்லை, தோளைப் பிடித்து ஆட்டினாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அறிவிருக்கா உனக்கு? உடம்பு சரியில்லாதவங்களைத் தூங்க விடமாட்டியா?"

அவள் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள். பள்ளிக்கூடத்தில் யாருடனும் பேசுவதில்லை என்று ஆசிரியை எழுதி அனுப்பியிருக்கிறார். புத்தகம்தான் காரணம், வேறென்ன? அவ்வளவு பூசி மெழுகியும் உள்ளே போய்விட்டது. என் புத்தியைத்தான் சொல்லவேண்டும். சிவப்புப் புள்ளி ஒட்டியவனே அதைத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுவந்தேனே. இன்று திருப்பி எடுத்துப்போய் நூலகத்தில் சிவப்பு அலமாரியில் வைத்துவிட்டேன்.

"நாம முடிக்கலையே" என்றாள்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்."

மனைவி மட்டும் வேறு பேசுகிறாள். "அவ புத்தகத்துக்குப் பயப்படற மாதிரி தெரியலை. வேற ஏதோ."

வேற என்ன?

ஜூன் 20, வெள்ளி

இன்றும் அம்மாவை இரண்டு முறை எழுப்பினாள். புத்தகத்தை நிறுத்தி மூன்று நாள் ஆகிறது, ஒரு மாற்றமும் இல்லை.

ஜூன் 23, திங்கள்

நாளைக் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, டாக்டர் சீட்டு எல்லாம் இருந்த நீல ஃபைலைக் காணோம். இன்றைக்கே நான் விடுப்பு போட்டது நல்லதாயிற்று. பத்து மணியிலிருந்து தேடினோம். பீரோ, பாய்க்கு அடியில், குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே. ஃபைல் இல்லாமல் ஆபரேஷன் இல்லை, இந்தத் தேதியை விட்டால் அடுத்தது ஒரு மாதம் கழித்துத்தான். வலி மறுபடி வந்தால் காத்திருக்க முடியாது என்று டாக்டர் வேறு சொல்லியிருக்கிறார். பள்ளியிலிருந்து வந்த மகள் மேசையில் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கேல் வைத்து, பக்கம் பக்கமாக, வெறும் கோடு.

நாலரைக்கு நூலகத்திலிருந்து போன். புத்தகம் கொடுத்து வாங்கும் கவுன்டரில் இருக்கும் அக்கா. "சார், சிவப்பு ஷெல்ஃபுல புத்தகத்துக்கு நடுவுல ஒரு ஆஸ்பத்திரி ஃபைல் இருக்கு. உங்க வீட்டம்மா பேர் போட்டிருக்கு."

நான் திரும்பினேன். அவள் கோடு போடுவதை நிறுத்தியிருந்தாள். பள்ளி விட்டதும் தினமும் நூலகத்துக்குத்தான் வருவாள், என் வேலை முடியும்வரை இருப்பாள்.

"நீயா வெச்சே?"

"ஆமா. அந்த ஷெல்ஃபுக்கு நான் போகக்கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க. அதனால அங்க தேடமாட்டீங்கன்னு."

"ஏம்மா?"

"அம்மாவைத் தூங்க வெக்க வேணாம்."

புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. அவள்தான் சொன்னாள், பாடம் ஒப்பிப்பதுபோல. "படகோட்டி தூங்கிப்போனான்னு நீங்க வாசிச்சீங்கல்ல. மறுநாள் நானே எடுத்துப் படிச்சேன். அதுல செத்துப்போனான்னு இருந்துது. அக்காவும் செத்துப்போனா. பெரியவங்க எல்லாருமே இப்படித்தான். போயிட்டார்னா செத்துட்டார். தவறிட்டார்னா செத்துட்டார். கண்ணை மூடிட்டார்னாலும் செத்துட்டார். அம்மாவைத் தூங்க வெப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. செருப்பு போட்டுக்கிட்டே சொன்னீங்க."

ஐயோ. என்ன காரியம் பண்ணிட்டேன். ஒன்பது நாள். ஒன்பது நாளா அந்தச் சின்ன நெஞ்சுல இதை வெச்சுக்கிட்டு ஸ்கூலுக்குப் போய்ட்டு வந்திருக்கா. அம்மா மூச்சு விடறாளான்னு எழுப்பி எழுப்பிப் பார்த்திருக்கா. நான் அறிவிருக்கான்னு கேட்டேன். யாருக்கு அறிவில்லை?

பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் நேராகவே கேட்டாள். "அம்மா செத்துடுவாளா?"

ச்சீ, வாயை மூடு, அப்படியெல்லாம் பேசக்கூடாது என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். "இல்லைன்னுதான் டாக்டர் சொல்றார். நானும் அப்படித்தான் நம்பறேன். ஆனா எனக்கும் பயமாத்தான் இருக்கு."

"இந்தத் தூக்கம் நிஜத் தூக்கமா?"

"மருந்து கொடுத்துத் தூங்க வெப்பாங்க. முடிஞ்சதும் எழுப்பிடுவாங்க."

"நீங்க சொல்றதை எப்படி நம்பறது?"

கதவருகே நின்றிருந்த மனைவிதான் சொன்னாள், "நாளைக்கு டாக்டர்கிட்ட நீயே கேளு. நானும் கேட்டுக்கறேன்."

ஃபைலை வாங்கப் போனேன். அந்தப் புத்தகமும் பக்கத்திலேயே இருந்தது, இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஒரு இளம்பெண். வக்கீல் அவரை வழிமறித்தாள். "இதுவரைக்கும் எத்தனை பேரைத் தூங்க வெச்சிருக்கீங்க?"

"எண்ணலையே. ஆயிரம் பேருக்கு மேல இருக்கும்."

"எல்லாரும் எழுந்தாங்களா?"

அவர் சிரிப்பார், கன்னத்தைத் தட்டுவார் என்று நினைத்தேன். குனிந்து அவள் உயரத்துக்கு வந்தார். "இந்த ஆபரேஷனுக்கு நான் தூங்க வெச்சவங்க எல்லாரும் எழுந்தாங்க. வேற பெரிய ஆபரேஷன்ல ரெண்டு பேர் எழுந்துக்கலை. அவங்களுக்கு முன்னாடியே உடம்பு ரொம்ப மோசமா இருந்துது. அம்மாவுக்கு அப்படி இல்லை."

"எழுந்துக்காதவங்க வீட்டுல என்ன சொன்னீங்க?"

"இறந்துட்டாங்கன்னு சொன்னேன்."

நான் மகளைத்தான் பார்த்தேன். அவள் என்ன செய்தாள் என்றால், அதுவரை இறுக்கிப் பிடித்திருந்த அம்மாவின் கையை விட்டாள். அம்மாவின் நெற்றியைத் தொட்டுவிட்டு, "போய்ட்டு வா" என்றாள்.

ஒரு மணி நாற்பது நிமிஷம். வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி. நான் நடந்தேன், உட்கார்ந்தேன், காப்பி இயந்திரத்தில் தவறான பொத்தானை அழுத்தி வெந்நீர் வாங்கினேன். "அஞ்சாவது அத்தியாயத்தைத் திரும்ப வாசிங்க" என்றாள். வாசித்தேன். 'செத்துப்போனான்' என்று சத்தமாக வந்ததும் எதிரே இருந்த பெரியவர் முகம் சுளித்தார். அவள் விரலால் அந்த வார்த்தையைத் தொட்டுச் சரிபார்த்துக்கொண்டாள். பிறகு, "பாவம்" என்றாள். படகோட்டிக்காக அவள் அழுதது இன்றைக்குத்தான். கொஞ்ச நேரம்தான். அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னாள்.

எட்டாம் அத்தியாயத்தில் இருந்தபோது நர்ஸ் வந்தார். கண் விழித்துவிட்டாளாம், தண்ணீர் கேட்கிறாளாம்.

ஜூன் 25, புதன்

மனைவி நன்றாக இருக்கிறாள். நான் இரண்டு வேளையும் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

மனைவி வீட்டுக்கு வந்து ஐந்தாவது நாள். சாயங்காலம் கடைசி அத்தியாயம். நான் நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறேனாம், அதனால் வக்கீலே புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். கதைப்பெண் நிழல்தின்னியை வென்று, ஏரியைக் கடந்து, வீட்டுக்கு வருகிறாள். ஜன்னலில் விளக்கு எரிகிறது. முற்றும். தங்குதடையில்லாமல் வாசித்தாள். நான் கைதட்டினேன். மனைவி தையல் வலிக்கும் என்று கைதட்டாமல் சிரித்தாள்.

படத்துக்கு இன்னும் போகவேண்டுமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறாளாம்.

ஜூலை 2, புதன்

மத்தியானம். நூலகத்தில் என் மேசை. புத்தகத்தை அலமாரியில் வைக்கும்முன் கடைசி அத்தியாயத்தைச் சும்மா புரட்டினேன்.

நேற்று கேட்காத அரைப் பக்கம் ஒன்று இருக்கிறது. கதைப்பெண் கரையில் இறங்குகிறாள், அப்பாவைத் தேடுகிறாள். தினமும் கரைக்கு வந்து அவளுக்காக நின்றுகொண்டிருந்த அப்பா, அவள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு செத்துப்போயிருக்கிறார். அவருடைய செருப்பு மட்டும் மணலில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் ஜன்னல், விளக்கு எல்லாம். எட்டு வருஷத்துக்கு முன்னால் இதைப் படித்துத்தான் சிவப்புப் புள்ளி ஒட்டியிருப்பேன். அப்போது இவள் தொட்டிலில் கிடந்தாள். இந்த அரைப் பக்கம் எனக்கு நினைவே இல்லை. படத்திலும் இது கிடையாது.

பக்கம் ஒட்டிக்கொண்டு தவறிப்போயிருக்குமோ? வீட்டுக்குப் போன் செய்தேன்.

"தெரியும்" என்றாள் மனைவி. "ஞாயித்துக்கிழமையே தனியாப் படிச்சு முடிச்சுட்டா. அழுதா. அப்புறம் எங்கிட்ட வந்து, 'இது அப்பாவுக்குத் தாங்குமா'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"உனக்குத் தெரியாததா, பார்த்துச் செய்யுன்னு சொன்னேன்."

இப்போது மணி இரண்டரை. நாலு மணிக்கு வருவாள். அந்த அரைப் பக்கத்தையும் எனக்கு வாசித்துக் காட்டு, இனிமேல் இந்த வீட்டில் யாரும் யாருக்கும் எதையும் தாண்டிப் படிக்கக்கூடாது என்று சொல்லவேண்டும். சொல்லத்தான் வேண்டும். இன்றைக்கே சொல்லவேண்டுமா? அப்பா செத்துப்போனார் என்பதை அவள் குரலில் கேட்க வேண்டுமே.

வெள்ளிக்கிழமை கேட்கிறேன்.