அத்தானின் காரில் மிலானுக்கு

வியாழன், 8 நவம்பர் 2018, ஓல்டன்

இன்றும் மூடுபனி. ஆறு எங்கே, பாலம் எங்கே என்று தெரியவில்லை. ரயில்கள் வெறும் சத்தமாக வந்து சத்தமாகப் போகின்றன.

சனிக்கிழமை மிலானுக்குப் பயணம். சுதனின் மாமி மகளுக்குக் கல்யாணம். எடுக்க வேண்டியவை: நீலச் சேலை (பிளவுஸ் இறுக்கம், தையல் பிரிக்க வேண்டும்), மகள் தாரணியின் பாவாடை சட்டை, அவளுடைய இருமல் பாணி மருந்து, இஞ்சித் துண்டு, பிளாஸ்டிக் பைகள். பைகள் எனக்கு. ஏன் என்று டொக்டரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. சுதனுக்கும்கூட.

போன வருஷம் சொன்ன கையோடு இவர் பாதி சுவிஸுக்கும் ஃபோன் எடுத்துவிட்டார். அடுத்த கிழமை எல்லாம் முடிந்தது. பிறகு ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்தார்கள். இந்த முறை கொஞ்ச நாளாவது எனக்குள் மட்டும் இருக்கட்டும்.

போவது அத்தானின் காரில். சுதனின் மூத்த அண்ணை. தனி ஆள், தங்கமான மனம். சனிக்கிழமைகளில் தாரணியைத் தமிழ் வகுப்புக்கு ஏற்றிப் போவதும் அவர்தான். ஒரு கை ஸ்டியரிங்கில், மற்றக் கையில் சிகரெட்.

சாப்பிடும்போது கேட்டேன். "ஒருக்கா அண்ணையிட்டைச் சொல்லுங்கோவன், பிள்ளை இருக்கேக்கை பத்த வேண்டாமெண்டு."

"நான் எப்பிடிச் சொல்லுறது? என்னை இஞ்ச கூப்பிட்டு ஆளாக்கினவர்."

பேச்சு அத்தோடு சரி. பிளவுஸ் இன்னும் பிரிக்கவில்லை.

வெள்ளி, 9

முதியோர் இல்லத்தில் காலை வேலை. தேநீர் நேரம் கூட வேலை செய்யும் சுவிஸ்காரியிடம் விசாரித்தேன். ரயிலில் தடை, ரெஸ்டோரண்டில் தடை. காரில்? தோளைக் குலுக்கினாள். அது அவரவர் சொந்த விஷயமாம். இங்கே அதற்குச் சட்டம் இல்லை. பிள்ளையின் மூச்சு யாருடைய சொந்த விஷயம் என்று கேட்க ஜெர்மன் வரவில்லை. தமிழில் வந்தது, அவளுக்கு விளங்காது.

மத்தியானம் சோபாவில் தூங்கிப்போனேன். கனவில் வீடெல்லாம் பனி. அதற்குள் யாரோ சின்னதாக நடந்து திரியும் காலடிச் சத்தம். பயம் வரவில்லை. எழும்ப மனமில்லாமல் கிடந்தேன்.

சனி, 10, மிலான்

மாமி வீட்டில் பின்னேரம். எல்லோரும் மாலை கட்டுகிறார்கள். தலை சுற்றுகிறது என்று அறைக்குள் வந்துவிட்டேன்.

காலையில் பனிக்குள் புறப்பட்டோம். முன் சீற்றில் அண்ணனும் தம்பியும், பின்னால் நானும் தாரணியும். கொட்ஹார்ட் சுரங்கத்தில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முகத்தைத் தடவிப் போயின. தூக்கமா விழிப்பா தெரியவில்லை. தண்ணீருக்கு அடியில் போவதுபோல. வெளியே வந்தால் கண் கூசும் வெயில். அத்தான் பத்த வைத்தார். நீலப் புகை வெயிலில் நூல் நூலாகப் பிரிந்து தாரணியின் தலைக்கு மேல் ஆடியது. அழகாக இருந்தது. அழகாக இருந்தது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எல்லை தாண்டி, கோமோவுக்கு அப்பால், சுங்கச் சாவடிக்குப் பக்கத்தில் பொலிஸ் மறித்தது. ஓர் ஆண், ஒரு பெண். அத்தானின் கையில் சிகரெட் பாதி.

"சுவிஸ் நம்பர். சுவிஸிலை பிரச்சினை இல்லை" என்று ஜெர்மனில் விளக்கினார்.

"இத்தாலியா" என்றான் பொலிஸ்காரன், காலுக்குக் கீழே நிலத்தைக் காட்டி. தெரிந்த ஜெர்மன் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். பிள்ளை. கார். புகை. கூடாது.

நான் கதவைத் திறந்து ஓடி, வேலியோரம் வாந்தி. அந்தப் பெண் தண்ணீர்ப் போத்தலோடு வந்து முதுகைத் தடவினாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டினாள். கேள்வி.

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். தலை தானாக ஓமென்று ஆடிவிட்டது.

நிமிர்ந்தால், பின்னால் சுதன். இத்தாலி மொழி ஒரு சொல் தெரியாது அவருக்கு. ஆனால் அந்தக் கை விளங்கிவிட்டது.

அவள் அத்தானிடம் போய்ப் படபடவென்று கதைத்தாள். விரல் என்னை, தாரணியை, சிகரெட்டைக் காட்டியது. வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்கும் அங்கே அதே சட்டமாம். தண்டம் எழுதினார்கள். அத்தான் கையெழுத்து வைத்தார்.

கார் புறப்பட்டதும் ரேடியோவை நிறுத்தினார். சுதன் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் போயிடுமோ எண்டு பயம்."

தாரணி: "எது போயிடும்?"

 சுதனின் கை அங்கேயே இருந்தது, மிலான் வரை.

ஞாயிறு, 11, ஓல்டன்

கல்யாணம் நன்றாக நடந்தது. கல்யாணப் பொம்பிளை வடிவு. சாம்பார் உப்பு. சுதன் ஒருவருக்கும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார், பாவம்.

மத்தியானமே திரும்பினோம். இத்தாலி முழுக்க அத்தான் பத்தவில்லை. கியாஸோவில் எல்லை தாண்டிச் சுவிஸுக்குள் வந்தோம். அத்தான் சிகரெட் பெட்டியைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒன்றை எடுத்து உதட்டில் வைத்தார். பழக்கதோஷம்.

சுதன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்ல மாட்டார். சரி.

"அத்தான், இஞ்சையும் வேண்டாம்."

கண்ணாடியில் அவர் கண். "இஞ்ச பொலிஸ் பிடிக்காது, பிள்ளை."

"ஓம். அதுதான் நான் சொல்லுறன்."

என் குரலா அது? காதில் வேறு யாரோ பேசியதுபோல. லுகானோ ஏரி பக்கத்தில் ஓடியது. சிகரெட்டை உதட்டிலிருந்து எடுத்தார். பெட்டிக்குள் திரும்ப வைத்தார்.

அடுத்த தரிப்பிடத்தில் நிறுத்தினார். மழைத் தூறல். தூரப் போய் நின்று புகைத்துவிட்டு, என் பக்கக் கதவடிக்கு வந்தார். தலையெல்லாம் ஈரம்.

"முதலே சொல்லியிருக்கலாமே. நான் அவ்வளவு பொல்லாத ஆளோ?"

"இல்லை அத்தான். நல்ல ஆள். அதுதான் சொல்ல ஏலாமல் கிடந்தது."

அவர் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. கதவை மெதுவாகச் சாத்தினார், தூங்குகிற பிள்ளை இருக்கிற அறைக் கதவைச் சாத்துவதுபோல.

சனி, 17

வெயில்! ஆற்றில் வாத்துகள். வாங்க: பால், வெங்காயம், தாரணிக்குக் கையுறை (ஒன்றைத் தொலைத்துவிட்டாள்).

தமிழ் வகுப்பு முடித்து அத்தான் தாரணியைக் கொண்டுவந்து விட்டார். வாசலிலேயே நின்றார். தேத்தண்ணி வேண்டாமாம்.

"சிகரெட்டை விட்டிட்டியளோ அத்தான்?" என்று கேட்டேன்.

"எங்க விட்டது, பிள்ளை. வீட்டு பல்கனியிலை பத்துறன். பொய் சொல்லேலாது." சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஆனா காருக்குள்ள ஏலாமல் கிடக்கு. தனிய வேலைக்குப் போகேக்கையும் ஏலாது. பின் சீற்றிலை ஆரோ இருக்கிற மாதிரி."