போர்வைத் துண்டு

இன்று பதினொன்றாம் வகுப்பில் தசைப் பாடம் எடுத்தேன். ஏற்காடு கடையில் நீங்கள் வாங்கித் தந்த இரண்டு துணி பிரஷ்களையும் பையிலிருந்து எடுத்தேன். "ஊரெல்லாம் பொண்டாட்டிக்குப் பூ வாங்குதுங்க. நான் பிரஷ்ஷு வாங்குறேன், என் தலையெழுத்து!" என்று கடைக்காரரிடம் அலுத்துக்கொண்டீர்களே! முட்களுக்குள் முட்களை நுழைத்துக் காட்டினேன். மயோசின் இழையின் தலைகள் ஆக்டின் இழையைப் பிடித்து இழுக்கும், தசை சுருங்கும். பிடித்ததை விடுவதற்கும் ஏ.டி.பி. என்ற எரிபொருள் வேண்டும். அது தீர்ந்துவிட்டால் பிடி இறுகிப்போகும்.

அன்று காலை நீங்கள் எழுந்திருக்கவில்லை. வலது கை போர்வை நுனியை இறுக்கிப் பிடித்திருந்தது. தாடையைக் கட்டினார்கள், கால் கட்டைவிரல்களைக் கட்டினார்கள். விரல்களை மட்டும் பிரிக்க முடியாமல் போர்வையைக் கத்தரித்தார்கள். பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "ஏனுங்க டீச்சர், அண்ணன் மனசுல என்னத்தையோ வெச்சுக்கிட்டே போயிட்டாருங்களா? கை உடமாட்டேங்குதுங்களே!"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முதல் நாள் சாயங்காலம்தான், சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு பைக்கில் கிளம்பிய உங்களை, "வயசான காலத்துல என்னங்க கூத்து?" என்று உங்கள் கூட்டாளிகள் முன்னால் கேட்டிருந்தேன். நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடாமலே படுத்துவிட்டீர்கள். ஏ.டி.பி. தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோபத்தோடு போய்விட்டீர்கள் என்றே நம்பினேன்.

மகன் வெளிநாட்டிலிருந்து வந்து சேர நாளாகிவிட்டது. கடைசியாகக் குளிப்பாட்ட, தலையில் எண்ணெயும் அரப்புத் தூளும் வைக்கக் குனிந்தபோது உங்கள் விரல்கள் தளர்ந்து, போர்வைத் துண்டு என் மடியில் விழுந்தது. "உட்டுட்டாருங்க டீச்சர்! மனசு ஆறிட்டாருங்க!" என்று ராசாத்தி அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

தசைப் புரதங்கள் சிதைந்தால் பிடி தளரும் என்று கரும்பலகையில் வருடாவருடம் எழுதுபவள் நான். ஆனாலும் என்னை மன்னித்துவிட்டீர்கள் என்று மனசு துள்ளியது. உங்கள் உடம்பு கெட்டுப்போனதற்குச் சந்தோஷப்பட்டிருக்கிறேன், சே! நினைத்தாலே வெட்கமாக இருக்கிறதுங்க.

இன்று ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "டீச்சர், உசுரு போனப்புறம் புடிச்சது புடிச்சபடியே இருக்குங்களா?"

"இல்ல கண்ணு. கொஞ்சம் பொறுத்துத் தானா உட்டுரும்."

"தானாவேங்களா?"

"தானாவேதான்."

மணி அடித்ததும் பிரஷ்களைப் பையில் வைத்தேன். அடியில் அந்தத் துண்டு கிடந்தது. எனக்காகத்தான் விட்டீர்கள் என்று சொல்லிக்கொண்டு இன்னும் அதைச் சுமக்கிறேன்.