உங்கள் பேச்சிலிருந்து நான் வெட்டிய நாலு வரி

என் ராஜி அக்காவுக்கு,

நேற்று சாயங்காலம் எனக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது. நாலு வருஷமாக இணையவழியில் இழுத்துக்கொண்டிருந்த கலாநிதி ஆய்வுப் பட்டத்துக்கான கடைசித் தேர்வு. உயர்கல்வித் தலைமைத்துவம் என்று நான் பெருமையாகச் சொன்னபோது எப்படிச் சிரித்தீர்கள். "தலைமைத்துவம் படிக்கிறவ மொதல்ல ஸ்டாஃப் மீட்டிங்ல வாயத் தொறடி" என்றீர்கள். நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. மீட்டிங்கில் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

பாஸா என்று உடனே கேட்காதீர்கள். அதற்கு முன்னால் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன். துணிச்சல் வரவில்லை, அக்கா.

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து படித்து வந்து விரிவுரையாளரானவர்கள் ஏன் துறைத் தலைவர் பதவிவரை போவதில்லை என்பதுதான் என் ஆய்வு. பத்துப் பேரிடம் பேசிப் பதிவு செய்தேன். யார் பெயரும் வெளியே வராது என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அதில் ஒன்பதாவது நபர் நீங்கள்.

அன்று உங்கள் வீட்டில், நோய் என்று எதுவும் தெரியாத நாளில், கைப்பேசியை நடுவில் வைத்துக்கொண்டு கேட்டேன். துறைத் தலைவர் பதவிக்குப் போட்ட விண்ணப்பத்தை ஏன் திரும்ப வாங்கினீர்கள்? நீங்கள் கைப்பேசியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள்.

"மேலேருந்து யாரும் எனக்கு ஒன்னும் சொல்லல. நம்மாளு ஒருத்திதான் வந்து சொன்னா. அவ சொன்னதாலதான் எழுதிக் குடுத்தேன். வேற யாரு வந்திருந்தாலும் சண்டை போட்டிருப்பேன்."

சொல்லிவிட்டு, "பிளேன்டி ஊத்தவா?" என்று எழுந்து போய்விட்டீர்கள்.

பதிவை எழுத்தாக்கியபோது அந்த நாலு வரியையும் வெட்டினேன். ஆய்வுக்குத் தொடர்பில்லாத பகுதி என்று எனக்கு நானே ஒரு பொய்யும் சொல்லிக்கொண்டேன். அந்த ஒருத்தி யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீங்கள் விண்ணப்பித்திருந்த சமயம் நம் கல்லூரிப் பணிப்பாளர் சேர் என்னைக் கூப்பிட்டு, "வெளியிலிருந்து ஒருத்தரை எடுக்கப்போறோம். ராஜேஸ்வரி மிஸ் விலகிட்டா எல்லாருக்கும் நல்லது. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார். நான் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். பிள்ளைகள் படிப்பை விசாரித்தேன். கிளம்பும்போதுதான், "விட்டுருங்கக்கா, அவங்களப் பகைச்சுக்கிட்டு நாம இருக்க ஏலாது" என்றேன். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இன்றுவரை என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த வித்தையை நான் எங்கே கற்றேன்? என் அப்பா தோட்டத்துக் கங்காணி. பூண்டுலோயாவில் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் வளர்ந்த உங்களுக்கு அவரை நன்றாகவே தெரியும். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் யாராவது எதிர்த்துப் பேசினால் துரை ஒன்றும் சொல்லமாட்டார். சாயங்காலம் அப்பா எதிர்த்துப் பேசினவர் வீட்டுக்குப் போவார். தேத்தண்ணி குடிப்பார், பிள்ளைகளை விசாரிப்பார், எழுந்திருக்கும்போது, "வேணாம்ப்பா, விட்டுரு" என்பார். நம்மாளு வந்து சொன்னால் நாம் தட்டமாட்டோம். அது துரைக்கும் தெரியும். முந்நூறு பக்கம் தலைமைத்துவம் எழுதிய எனக்கு இந்த ஒரு பக்கத்தை எழுத மட்டும் கை வரவில்லை.

நேற்று திரையில் மூன்று முகங்கள். ஒன்றரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. கடைசியில் வெளித் தேர்வாளர், நரைத்த தலை அம்மா ஒருவர், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டார். "உங்கள் ஒன்பதாவது நபர் எதற்கும் அஞ்சாதவராகப் பேசுகிறார். அடுத்த பத்தியில் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்குகிறார். நடுவில் என்ன நடந்தது?"

வெளியே ஹட்டன் மழை தகரத்தில் கொட்டுகிறது. இணைப்பைத் துண்டித்துவிட்டு, லைன் போய்விட்டது என்று பிறகு எழுதினால் போதும். நம்ம மலையில் அதை யாரும் சந்தேகப்படமாட்டார்கள். நிஜமாகவே விரல் அங்கே போனது, அக்கா. அந்த அம்மா, "கேட்கிறதா?" என்றார்.

கேட்கிறது என்றேன். நடுவில் நான் போனேன் என்றேன். வெட்டிய நாலு வரியையும் மனப்பாடமாகச் சொன்னேன்.

என்னை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். இருபது நிமிஷம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பக் கூப்பிட்டு, பாஸ் என்றும் சொல்லவில்லை, ஃபெயில் என்றும் சொல்லவில்லை. தரவை மறைத்த விஷயம் ஒழுக்காற்றுக் குழுவுக்குப் போகிறதாம். மூல ஒலிப்பதிவை அனுப்ப வேண்டும். அந்த அத்தியாயத்தை, என்னையும் உள்ளே வைத்து, மறுபடி எழுத வேண்டும். அதற்குப் பிறகும் பட்டம் கிடைக்கும் என்று உறுதியில்லை. நாலு வருஷம் வீணாகப் போகலாம்.

இன்றைய சேதியையும் கேளுங்கள். காலையில் பணிப்பாளர் சேர் கூப்பிட்டார். நேற்று நடந்தது அவருக்கு இன்னும் தெரியாது. துறைத் தலைவர் பதவி மறுபடி காலியாகிறது. திலகா விண்ணப்பித்திருக்கிறாள். மஸ்கெலியாப் பிள்ளை, உங்களிடம் படித்து நம் கல்லூரிக்கே விரிவுரையாளராக வந்தவள். "இப்ப வேணாம்னு நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்களேன்" என்றார். அதே நாற்காலி, அதே சிரிப்பு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி சேர்" என்றேன். யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. வெளியே வந்து படிக்கட்டில் நின்று அழுதேன். என்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். உங்களை இழந்தும் எனக்குப் புத்தி வரவில்லையா?

நீங்கள் அன்று ஏன் என்னைத் திட்டவில்லை, அக்கா? என் முகத்துக்கு நேரே அந்த நாலு வரியைச் சொன்னீர்களே, நான் அதை எழுதுவேன் என்று நம்பியா, எழுதமாட்டேன் என்று தெரிந்தா?

அஞ்சு மணிக்குத் திலகா வீட்டுக்குப் போகிறேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாசலிலேயே நின்று சொல்லப்போகிறேன்: "ஒன்னய வெலகச் சொல்லி என்னய அனுப்பியிருக்காங்க. ராஜி அக்காகிட்டயும் இப்பிடித்தான் நான் போனேன். நீ வெலகாத." அதற்குப் பிறகு அவள் என்னை உள்ளே கூப்பிடுவாளா என்று தெரியாது. நாளைக் காலையில் பணிப்பாளரிடமும் போய், அவளிடம் நான் என்ன சொன்னேன் என்பதைச் சொல்லிவிடுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

மணி நாலே முக்கால். கிளம்புகிறேன்.

நீங்கள் சண்டை போடாமல் விட்ட ஒரே ஆள்,
உங்கள் தங்கச்சி சாந்தி